கண்டு, சிந்தித்து, புத்தியடைதல்: அன்றாட வாழ்வில் ஆவிக்குரிய பாடங்களைக் காணப் பழகுவோருக்கு ஒரு வழிகாட்டி

நீதிமொழிகள் 24ஆம் அதிகாரத்தின் இறுதியில் ஒருவர் வழிநடந்து போகிறார். சோம்பேறி ஒருவனுடைய வயலையும் திராட்சத்தோட்டத்தையும் அவர் கடக்க நேரிடுகிறது. எங்கும் முள் மண்டியிருக்கிறது. காஞ்சொறி நிலத்தை மூடியிருக்கிறது. கற்சுவர் இடிந்து கிடக்கிறது. இத்தனையையும் சொன்ன பிறகுதான், "அதைக் கண்டு சிந்தனைபண்ணினேன், அதை நோக்கிப் புத்தியடைந்தேன்" என்கிறார். அந்த வயலின் சொந்தக்காரன் பெயரை அவர் சொல்லவில்லை. அவனைக் கூப்பிட்டுக் கண்டிக்கவும் இல்லை. புத்தியடைந்தவர் பார்த்தவர்தான். அன்றாடக் காட்சிகளிலிருந்து ஆவிக்குரிய பாடம் கற்றுக்கொள்வது எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த ஐந்து வசனங்களைத்தான் (24:30-34). கடந்துபோதல், காணுதல், சிந்தித்தல், புத்தியடைதல் என்ற வரிசை முழுவதும் இதில் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் தவறவிடும் படி எது என்பதும் இதில் தெரிந்துவிடுகிறது. நாம் கடந்துபோன உடனேயே புத்தி சொல்லத் தொடங்கிவிடுகிறோம். முள்ளையும் காஞ்சொறியையும் சுவரையும் தனித்தனியே பார்ப்பதற்கு நின்றதேயில்லை.

தொடங்குமுன் தெளிவாக வேண்டியது

ஆவிக்குரிய பாடம் என்று இங்கே நான் சொல்வது, வேதம் ஏற்கெனவே கூறியிருக்கும் ஓர் உண்மை, கண்முன் நடக்கும் ஒரு சிறு நிகழ்வினால் நமக்கு உறைப்பதையே. புதிய உபதேசம் ஒன்றை அடுப்படியிலோ பேருந்து நிறுத்தத்திலோ கண்டுபிடிப்பது இதன் நோக்கமன்று. வேதத்தில் இல்லாத ஒன்றை ஒரு பறவையோ ஒரு செடியோ உங்களுக்குக் கற்றுத் தந்ததாகத் தோன்றினால், அந்தப் பறவையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. உங்கள் முடிவைச் சந்தேகிப்பது நல்லது.

இன்னொரு வேறுபாடும் முக்கியமானது. பாடம் வேறு, சகுனம் வேறு. பேருந்தைத் தவறவிட்டவர் தம் பொறுமையின்மையைக் கண்டுகொண்டால் அது பாடம். அந்தப் பேருந்து போய்விட்டபடியால் அந்த வேலைக்குப் போக வேண்டாம் என்று தேவன் சொல்லிவிட்டார் என முடிவு செய்தால் அது சகுனம் பார்ப்பது. சகுனத்தை விட்டு வந்தவர்கள்கூட அதைக் கிறிஸ்தவச் சொற்களில் மறுபடியும் வீட்டுக்குள் அழைத்துவருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். "கர்த்தர் பேசினார்" என்ற சொற்றொடரை எளிதில் எடுத்தாளாதிருப்பது தொடங்குபவர்களுக்குப் பெரிய பாதுகாப்பு. "எனக்கு இப்படித் தோன்றியது" என்று சொல்லிப் பழகுங்கள். அதனால் எந்த உண்மையும் குறைந்துவிடாது.

முதற்படி: இயேசு எதையெல்லாம் பார்த்தார் என்று பட்டியலிடுவது

பாடங்களைத் தேடி வெளியே போவதற்கு முன் ஒரு சுவிசேஷத்தை முழுவதும் வாசியுங்கள். லூக்காவை நான் பரிந்துரைப்பேன். இருபத்துநான்கு அதிகாரங்கள் இருப்பதால், நாளுக்கு ஒன்றாக வாசித்தால் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். நல்ல சமாரியன், இளைய குமாரன், காணாமற்போன வெள்ளிக்காசு ஆகிய உவமைகள் இந்தச் சுவிசேஷத்தில் மட்டுமே உள்ளன. வாசிக்கும்போது ஒரு தாளை அருகில் வைத்துக்கொண்டு, இயேசு எடுத்துப் பேசும் பொருள்களையும் வேலைகளையும் மட்டும் குறித்து வாருங்கள். விளக்கு, விளக்குத்தண்டு, பழைய வஸ்திரத்தில் போட்ட ஒட்டு, திராட்சரசம் வார்க்கும் தோல் துருத்தி, மூன்றுபடி மாவில் அடக்கிவைத்த புளித்தமா, நள்ளிரவில் தட்டப்படும் கதவு, கனி கொடாத அத்திமரம், சந்தைவெளியில் விளையாடும் பிள்ளைகள், காகங்கள், காட்டுப்புஷ்பங்கள் எனப் பட்டியல் நீண்டுகொண்டே போகும்.

பட்டியல் முடிந்ததும் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். காணாமற்போன காசைத் தேடும் பெண் என்ன செய்கிறாள்? விளக்கைக் கொளுத்துகிறாள், வீட்டைப் பெருக்குகிறாள், கண்டுபிடிக்குமட்டும் ஜாக்கிரதையாகத் தேடுகிறாள். பகலிலும் விளக்கு தேவைப்படும் இருண்ட வீடும், தரையின் இடுக்கில் விழுந்த காசு துடைப்பம் படும்போது தெறித்து வரக்கூடும் என்ற அறிவும் அந்த ஒரு வசனத்துக்குள் இருப்பதாக எனக்குப் படுகிறது. வீட்டுவேலையைக் கவனித்துப் பார்த்த ஒருவர்தான் இப்படிச் சொல்ல முடியும். உவமைகளின் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றில் இருக்கும் இந்தக் கவனிப்பை விட்டுவிடுவதுதான் நம் வாசிப்பின் வழக்கமான குறை.

இரண்டாம் படி: ஒரே வேலையைத் தேர்ந்து நிற்பது

யாத்திராகமம் மூன்றாம் அதிகாரத்தில் மோசே ஆடுகளை மேய்த்துக்கொண்டிருக்கும்போது முட்செடி எரிவதைக் காண்கிறார். தேவன் உடனே அவரை அழைத்துவிடவில்லை. "நான் கிட்டப்போய்ப் பார்ப்பேன்" என்று மோசே சொல்கிறார். அவர் பார்க்கும்படி கிட்ட வருவதைக் கர்த்தர் கண்டபோதுதான் முட்செடியின் நடுவிலிருந்து கூப்பிட்டார் என்று நான்காம் வசனம் கூறுகிறது. வழியை விட்டு விலகி நின்று பார்த்ததற்குப் பிறகே அழைப்பு வருகிறது.

நம்முடைய நாளில் எரியும் முட்செடி தேவையில்லை. நீங்கள் தினமும் செய்யும் வேலைகளில் ஒன்றை, அதுவும் கைகள் செய்ய மனம் வேறெங்கோ போய்விடும் வேலையாக, ஒரு வாரத்துக்குத் தேர்ந்தெடுங்கள். பாத்திரம் கழுவுவது, துணி மடிப்பது, செடிக்குத் தண்ணீர் விடுவது, வாசல் பெருக்குவது என எதுவாயினும் சரி. அந்த வேலை நடக்கும் நேரத்தில் கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரின் கார்மேல் துறவியர் மடம் ஒன்றில் சமையற்காரராக இருந்தவரும், பின்னர் செருப்புத் தைக்கும் வேலை பார்த்தவரும், 1691இல் மறைந்தவருமான சகோதரர் லாரன்ஸ் இன்றும் நினைக்கப்படுவது, தேவபிரசன்னத்தை ஆலயத்தில் மட்டுமன்றி அடுக்களை வேலையின் நடுவிலும் உணரப் பழகியதற்காகத்தான். சமையல் வேலை அவருக்கு இயல்பாகப் பிடித்த வேலையாகவும் இருக்கவில்லை. உங்களுக்குப் பிடிக்காத வேலை ஒன்றையே தேர்ந்தெடுத்தாலும் தவறில்லை என்று இதனால் துணிந்து சொல்கிறேன்.

ஒரு நாளில் ஐந்து காட்சிகளைத் தேடுவதைவிட ஐந்து நாட்களுக்கு ஒரே காட்சியைப் பார்ப்பது பயனுள்ளது. முதல் இரண்டு நாட்கள் சலிப்பாக இருக்கும். மூன்றாம் நாளில்தான் கண் வேலை செய்யத் தொடங்கும்.

மூன்றாம் படி: பொருள் கேட்பதற்கு முன் உள்ளதைப் பார்ப்பது

எரேமியாவை அழைத்த தேவன் அவரிடம் கேட்கும் கேள்வி, "நீ என்னத்தைக் காண்கிறாய்?" என்பது. வாதுமை மரத்தின் கிளை என்று அவர் விடை சொன்ன பிறகே அதன் பொருள் சொல்லப்படுகிறது. ஆமோசிடமும் அதே கேள்விதான் கேட்கப்படுகிறது. பழுத்த பழங்களுள்ள கூடை என்று அவர் சொன்ன பின்பே விளக்கம் வருகிறது. அவை தீர்க்கதரிசிகளுக்கு அருளப்பட்ட தரிசனங்கள். நம் அனுபவத்தை அவற்றோடு சமமாக வைக்க முடியாது. ஆனால் கேள்வியின் வரிசையை நாம் கடன் வாங்கிக்கொள்ளலாம். "இதற்கு என்ன அர்த்தம்?" என்பது இரண்டாம் கேள்வி. முதற்கேள்வி, "என்ன தெரிகிறது?"

இதைச் சொல்லால் விளக்குவதைவிட ஒரு நிகழ்வைக் காட்டுவது எளிது. ஒரு காலையில் வெளியே புறப்படும் அவசரத்தில், பிள்ளையின் காலணிக் கயிறு முடிச்சு விழுந்து இறுகிப்போயிருந்தது. பிள்ளை படியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டிருந்தான். நான் குனிந்து இரண்டு முனைகளையும் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். முடிச்சு மிளகளவுக்குச் சிறுத்துவிட்டது. "அப்பா, நீங்க இழுக்க இழுக்கத்தான் அது இறுகுது" என்றான் பிள்ளை. அன்று இரவு குறிப்பேட்டில் நான் எழுதிய பாடம், "பொறுமை வேண்டும்" என்பது. இப்போது அதை வாசித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. எந்த நிகழ்வின் கீழும் அந்த இரண்டு சொற்களை எழுதிவிடலாம். அதற்குக் காலணியும் தேவையில்லை, பிள்ளையும் தேவையில்லை.

அடுத்த நாள் வேறொரு கயிற்றில் அதே முடிச்சைப் போட்டுப் பார்த்தேன். அப்போது தெரிந்தவை வேறு. முடிச்சு என்பது வெளியிலிருந்து வந்து சேர்ந்த பொருளன்று. அதே கயிறு, தன்மேல் தானே ஏறி அழுத்திக்கொண்டிருக்கிறது. முனைகளை இழுக்கும்போது இழைகள் ஒன்றையொன்று அழுத்தும் விசை கூடுகிறது, உராய்வு கூடுகிறது, பிடி இறுகுகிறது. முடிச்சு தளர வேண்டுமானால் கயிற்றை வெளியே இழுக்கக் கூடாது. முனையை உள்நோக்கித் தள்ளிக் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும். அதற்கும் முன்னால், எந்த இழை மேலே கிடக்கிறது என்று திருப்பித் திருப்பிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். நகத்தால் அந்த மேலிழையை நெம்பி, முனையை அரை அங்குலம் உள்ளே தள்ளியதும் முடிச்சு சட்டென்று நெகிழ்ந்துவிட்டது.

அந்த நாட்களில் உறவினர் ஒருவரோடு எனக்கு மனத்தாங்கல் இருந்தது. என் தரப்பு நியாயத்தை விளக்கி விளக்கி நான்கு முறை தொலைபேசியில் பேசியிருந்தேன். ஒவ்வொரு முறையும் நிலைமை முன்பிருந்ததைவிட மோசமாயிற்று. கையில் கயிறு இருக்கும்போதுதான், நான் கொடுத்த விளக்கங்கள் யாவும் முனையைப் பிடித்து இழுத்த இழுப்புகள் என்பது எனக்கு உறைத்தது. "பொறுமை வேண்டும்" என்று எழுதியவருக்கு அது ஒருபோதும் உறைத்திருக்காது. ஏனெனில் நான் பொறுமையாகத்தான் நான்கு முறையும் விளக்கினேன். குறை பொறுமையில் இல்லை, திசையில் இருந்தது.

இதனால்தான் மூன்றாம் படியில் அதிக நேரம் செலவிடுங்கள் என்று சொல்கிறேன். காட்சியைப் பற்றி வசனமோ பாடமோ கலக்காமல் ஐந்து வாக்கியங்கள் எழுத முடிகிறதா என்று சோதித்துப் பாருங்கள். நிறம், ஒலி, எது முதலில் நடந்தது, எது எதிர்பார்த்தபடி நடக்கவில்லை, கை என்ன உணர்ந்தது என்று எழுதுங்கள். எதிர்பார்த்தபடி நடக்காத இடத்தில்தான் பெரும்பாலும் பாடம் ஒளிந்திருக்கும்.

நான்காம் படி: வசனத்தோடு வைத்துப் பார்ப்பது

இங்கே பலரும் செய்யும் குறுக்குவழி, வேதாகமச் செயலியில் அந்தப் பொருளின் பெயரைத் தட்டித் தேடுவது. முடிச்சு என்று தட்டினால் முடிச்சு என்ற சொல் வரும் வசனம் கிடைக்கலாம். உங்கள் நிகழ்வுக்கும் அதற்கும் தொடர்பு இருக்க வேண்டிய கட்டாயமில்லை. தேட வேண்டியது நீங்கள் கண்ட நடப்புக்கு ஒத்த உண்மையை. இழுப்பதால் இறுகுகிறது, இடம் கொடுப்பதால் நெகிழ்கிறது என்பது நான் கண்ட நடப்பு. "மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும், கடுஞ்சொற்களோ கோபத்தை எழுப்பும்" என்ற நீதிமொழி (15:1) அதற்கு அருகில் வந்தது. யாக்கோபு 1:19இல் கேட்பதற்குத் தீவிரமும் பேசுவதற்குப் பொறுமையும் சொல்லப்பட்டிருப்பது இன்னும் நெருங்கி வந்தது; இடம் கொடுப்பது என்பது கேட்பதுதானே.

வசனம் கிடைத்ததும் அதன் முன்னும் பின்னும் உள்ள பகுதியையும் வாசியுங்கள். ஒரு பொருளுக்கு வேதத்தில் ஒரே பொருள்தான் என்று எண்ணிவிடாதீர்கள். புளித்தமா மத்தேயு 13இல் பரலோகராஜ்யத்துக்கு ஒப்பாகச் சொல்லப்படுகிறது. அதே சுவிசேஷத்தின் 16ஆம் அதிகாரத்தில் பரிசேயர் சதுசேயரின் தவறான உபதேசத்துக்கு ஒப்பாகச் சொல்லப்படுகிறது. சிங்கம் பேதுருவின் முதல் நிருபத்தில் எதிராளியான பிசாசு. வெளிப்படுத்தின விசேஷத்தில் யூதா கோத்திரத்துச் சிங்கமோ கிறிஸ்து. ஆகவே தண்ணீர் என்றால் ஆவியானவர், கல் என்றால் கிறிஸ்து என்று அகராதி போட்டு வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பெயர்த்துக்கொண்டே போவது விபரீதமாக முடியும்.

பெரியவர்களும் இந்த இடத்தில் சறுக்கியிருக்கிறார்கள் என்பது நமக்கு ஆறுதல். நல்ல சமாரியன் உவமையில் வரும் சத்திரம் திருச்சபை என்றும், சத்திரக்காரன் அப்போஸ்தலனாகிய பவுல் என்றும் ஆதித் திருச்சபையின் பேரறிஞரான அகுஸ்தீன் விளக்கினார். யோவான் 21இல் பிடிபட்ட 153 மீன்களைப் பற்றி எழுதும்போது, ஒன்று முதல் பதினேழு வரையுள்ள எண்களைக் கூட்டினால் 153 வரும் என்பதை எடுத்துக்காட்டி அதிலும் பொருள் கண்டார். கணக்கு சரிதான். ஆனால் அந்த வலை கிழியவில்லை என்ற எளிய செய்தியே எனக்கு அதைவிட அதிகமாகப் பேசுகிறது.

ஐந்தாம் படி: விரல் எந்தப் பக்கம் நீள்கிறது என்று பார்ப்பது

பிறனுடைய மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவிடம், ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பறித்த ஐசுவரியவானைப் பற்றித் தீர்க்கதரிசி நாத்தான் சொன்னபோது, அவர் கொதித்தெழுந்து தீர்ப்புச் சொன்னார். பாடம் அவருக்கு நன்றாகவே புரிந்தது. ஆனால் வேறொருவனைப் பற்றிப் புரிந்தது. "நீயே அந்த மனுஷன்" என்று நாத்தான் சொல்லும்வரை அது அவரைத் தொடவேயில்லை. நீங்கள் கண்ட பாடம் முதலில் யாரை நினைவுபடுத்துகிறது என்று உண்மையாகக் கேட்டுப்பாருங்கள். மனைவிக்கோ, கணவனுக்கோ, மேலதிகாரிக்கோ, சபையின் மூப்பருக்கோ சொல்ல வேண்டியதாகத் தோன்றினால், அந்தப் பக்கத்தை மூடிவிட்டு இரண்டு நாள் கழித்து மறுபடியும் பாருங்கள்.

உங்களையே அது சுட்டினால், ஒரு நாளுக்குள் செய்யக்கூடிய சிறு செயல் ஒன்றை அதற்குக் கீழே எழுதுங்கள். "இனிமேல் அன்பாக இருப்பேன்" என்பது செயலன்று. "இன்று மாலை அவரை அழைத்து, என் தரப்பைச் சொல்லாமல், அவர் சொல்வதைப் பத்து நிமிடம் கேட்பேன்" என்பது செயல். நான் அழைத்தேன். அவர் பத்து நிமிடமல்ல, நாற்பது நிமிடம் பேசினார். அதில் பாதி எனக்குக் கேட்க வருத்தமாக இருந்தது. மனத்தாங்கல் அன்றே தீர்ந்துவிடவில்லை. ஆனால் அடுத்த முறை அவரே அழைத்தார்.

ஆறாம் படி: எழுதி வைப்பது

ஒரு சாதாரணக் குறிப்பேடு போதும். ஒவ்வொரு பதிவுக்கும் நான்கு வரிகள் விடுங்கள்: நாள், கண்டது, வசனம், செயல். கண்டது என்ற வரி மட்டும் நீளலாம். இரவு உறங்கப்போகுமுன் பத்து நிமிடம் இதற்கென்று ஒதுக்கினால் நல்லது. அந்தப் பத்து நிமிடத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று தெரியாதவர்களுக்கு, 1548இல் அச்சான ஆன்மிகப் பயிற்சி முறையில் இயேசு சபைத் துறவியரின் நிறுவனர் லொயோலா இஞ்ஞாசியார் வகுத்த ஐந்து கட்டங்கள் உதவும். தேவனுக்கு நன்றி சொல்லுதல், தன்னை அறியும் அருளைக் கேட்டல், அந்த நாளை மணிக்கு மணி நினைத்துப் பார்த்தல், மன்னிப்புக் கேட்டல், திருந்தத் தீர்மானித்தல் என்பவை அவை. கத்தோலிக்க மரபில் பிறந்த முறையென்று மற்றச் சபையார் இதைத் தள்ளிவிட வேண்டியதில்லை; நன்றியில் தொடங்குவது என்ற ஒரு பழக்கத்துக்காகவாவது இதைப் பின்பற்றலாம். குறைகளில் தொடங்கினால் இரண்டு வாரத்தில் குறிப்பேடு குற்றப்பத்திரிகையாகிவிடும், நீங்களும் அதைத் திறக்க மாட்டீர்கள்.

ஏழாம் படி: பகிர்வதற்கு முன் காத்திருப்பது

இயேசு பிறந்த இரவில் மேய்ப்பர்கள் சொன்னவற்றைக் கேட்டு எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். மரியாளோ அவற்றைத் தன் இருதயத்திலே வைத்துச் சிந்தனைபண்ணினாள் என்று லூக்கா எழுதுகிறார். ஒரு பாடம் கிடைத்த அன்றே அதைக் குடும்ப ஜெபத்திலோ வாட்ஸ்அப் குழுவிலோ சொல்லிவிட வேண்டும் என்ற அரிப்பு நம் எல்லாருக்கும் உண்டு. ஒரு வாரமாவது வைத்திருங்கள். அதற்குள் அந்தச் செயலைச் செய்துவிட்டீர்களா என்பதும் தெரிந்துவிடும். பகிரும் நேரம் வந்ததும் இரண்டு சோதனைகள் செய்யுங்கள்.

முதலாவது, நீங்கள் சொல்லும் செய்தி உண்மையா என்பது. கழுகு நாற்பது வயதில் மலையுச்சிக்குப் போய்த் தன் அலகைப் பாறையில் மோதி உடைத்து, நகங்களையும் இறகுகளையும் பிடுங்கி எறிந்து, மாதக்கணக்கில் காத்திருந்து புதுப்பிறவி எடுத்து மேலும் முப்பது ஆண்டு வாழ்கிறது என்ற கதையைக் கேளாத விசுவாசி குறைவு. அது உண்மையன்று. அலகில்லாத கழுகு இரை கிழித்துத் தின்ன முடியாமல் சில வாரங்களில் இறந்துபோகும். கழுகின் இறகுகள் உதிர்வது உண்மை. ஆனால் ஒன்றிரண்டாக, படிப்படியாக, பறக்கும் திறன் கெடாதபடி உதிர்ந்து முளைக்கின்றன. கழுகுக்குச் சமானமாய் உன் வயது திரும்ப வாலவயதுபோலாகிறது என்ற 103ஆம் சங்கீதத்தை விளக்க இந்த உண்மையே போதுமானது. சொல்லப்போனால் இதுவே மேலானது: பறந்துகொண்டே, யாரும் கவனிக்காத வேகத்தில், ஓர் இறகு போய் ஓர் இறகு வருகிறது. ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிப்பதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்று இயேசு சொன்னதற்கு, எருசலேமில் ஊசிக்கண் என்ற பெயரில் ஒரு குறுகிய வாசல் இருந்தது என்று சொல்லப்படும் விளக்கமும் இப்படிப்பட்டதுதான். இயேசுவின் காலத்தில் அப்படியொரு வாசல் இருந்ததற்குச் சான்று இல்லை. ஒட்டகமும் ஊசியின் காதும் உள்ளபடியே இருக்கட்டும். முடியாததைத்தான் அவர் சொன்னார். அதனால்தான் சீஷர்கள் திகைத்தார்கள்.

இரண்டாவது சோதனை, கேட்பவரின் நிலை. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் இறந்தபோது, அவர்கள் மற்றெல்லாரையும்விடக் குற்றவாளிகளாயிருந்தார்கள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, அப்படியல்ல என்று இயேசு மறுத்தார் (லூக்கா 13:4-5). பிறருக்கு நேர்ந்த துன்பத்திலிருந்து அவர்களைப் பற்றிய பாடத்தைப் பிழிந்தெடுக்கும் வழக்கத்துக்கு அவர் அங்கேயே கதவைச் சாத்திவிட்டார். பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழந்த யோபின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். பாடம் சொல்லத் தொடங்கியபோதுதான் கெட்டது.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். நோயுற்றுப் படுத்திருந்த நண்பர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். அவருக்கு ஏறிக்கொண்டிருந்த மருந்துத்திரவம் சொட்டுச் சொட்டாக விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, தேவகிருபை அன்றன்றைக்கு வேண்டிய அளவே வருகிறது என்ற எண்ணம் தோன்றியது. தோன்றியதோடு நிறுத்தாமல் அதை அவரிடம் அழகாக விளக்கினேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "கொஞ்சம் தண்ணீர் தருகிறீர்களா?" என்று மட்டும் கேட்டார். அவருடைய உதடு வறண்டிருந்ததை அந்த நேரம் முழுவதும் நான் கவனிக்கவில்லை. சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தவனுக்கு அந்த மனிதரின் தாகம் தெரியவில்லை. பாடத்தில் பிழை இருந்ததாக இப்போதும் நான் நினைக்கவில்லை. சொல்ல வேண்டிய இடம் அதுவன்று, சொல்ல வேண்டிய ஆளும் நானல்ல. அவர் குணமடைந்த பின்பு அதே எண்ணத்தை அவரே வேறொருவரிடம் சொன்னார் என்றால் அதை நான் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

ஒன்றும் கிடைக்காத நாட்கள்

பழகத் தொடங்கிய சில வாரங்களில் எதைப் பார்த்தாலும் ஒன்றும் தோன்றாத காலம் வரும். அப்போது வலிந்து பாடம் செய்யாதீர்கள். கண்டது என்ற வரியை மட்டும் எழுதி, வசனத்துக்கும் செயலுக்கும் உரிய வரிகளை வெறுமையாக விட்டுவிடுங்கள். வெறுமையான வரி குறையன்று.

என் குறிப்பேட்டில் அப்படியொரு பதிவு இரண்டு ஆண்டுக்கு மேல் பாதியில் நின்றது. ஒரு நாள் காலையில் சன்னல் கண்ணாடியை உள்ளும் புறமும் துடைத்து, சுத்தமாகிவிட்டது என்று திருப்தியோடு போனேன். மாலையில் வெயில் சாய்ந்து அந்தக் கண்ணாடியின் மேல் பட்டபோது, என் துணி போன பாதை முழுவதும் வளைவு வளைவாகத் தெரிந்தது. விரல் தடங்களும் தெரிந்தன. காலையில் நேராக நின்று பார்த்தபோது ஒன்றுமே இருந்ததில்லை. இதைத் தேதியோடு எழுதினேன். வெளிச்சத்தைப் பற்றிய வசனங்கள் பல நினைவுக்கு வந்தன; எதுவும் சரியாகப் பொருந்தவில்லை; விட்டுவிட்டேன்.

பிறகொரு நாள் 19ஆம் சங்கீதத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். வானங்கள் தேவனுடைய மகிமையை வெளிப்படுத்துகிறது என்ற தொடக்கம் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்தது. சூரியனைப் பற்றிச் சொல்லி, அதின் காந்திக்கு மறைவானது ஒன்றுமில்லை என்று ஆறாம் வசனம் முடிகிறது. அதே சங்கீதத்தின் பன்னிரண்டாம் வசனம், "தன் பிழைகளை உணருகிறவன் யார்? மறைவான குற்றங்களுக்கு என்னை நீங்கலாக்கும்" என்று கெஞ்சுகிறது. மறைவு என்ற ஒரே சொல் இரண்டு இடத்திலும் இருப்பதை அதுவரை நான் பார்த்ததில்லை. பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்து, வசனம் என்ற வரியில் "சங்கீதம் 19:6, 12" என்று எழுதினேன். அதற்குக் கீழே செயல் என்ற வரியையும் அன்றே நிரப்பினேன். அதில் இருப்பதை எவரிடமும் சொல்லும் வாரம் இன்னும் வரவில்லை.